பிரசவ அறையில் ஒரு நாற்காலி

தென்னாப்பிரிக்காவின் அரசு மருத்துவமனைகளில் சிக்கலில்லாத பிரசவங்களைப் பெரும்பாலும் பார்ப்பது மிட்வைஃப்தான், அதாவது பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்ற நர்ஸ், டாக்டர் இல்லை. கும்பகோணத்திலிருந்து போன் செய்யும் என் சித்திக்கு இது இன்னும் பிடிபடவில்லை. "நீ நர்ஸ்தானே, டாக்டரம்மா எப்ப வருவாங்க?" என்பார். சிக்கல் வந்தால் வருவார் சித்தி. அந்தச் சிக்கல் வரப்போவதை முன்கூட்டியே மோப்பம் பிடித்து அவரைக் கூப்பிடுவது என் வேலையில் பாதி. எதுவும் கெடாமல் போய்க்கொண்டிருக்கும்போது கையை அடக்கிக்கொண்டு காத்திருப்பது மறுபாதி. இரண்டாவதுதான் கஷ்டம்.

டர்பனுக்கு நான் கல்யாணமாகி வந்தேன். கையில் தாவரவியல் பட்டம். அதை வைத்து இங்கே ஒன்றும் செய்ய முடியவில்லை. கணவர் குடும்பம் நாலு தலைமுறையாக இந்த மண்ணில் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் இங்கிலீஷ்தான். கோயிலில் தேவாரம் பாடுவார்கள், அதையும் இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவார்கள். தமிழில் பேசியவர் கணவரின் பாட்டி ஒருவர்தான். இங்கே பாட்டியை ஆயா என்பார்கள். பேசத் துணை கிடைத்த சந்தோஷத்தில் ஆயா என்னிடம் ஓயாமல் பேசினார். அவர் தமிழில் வட ஆற்காட்டு வாடை அப்படியே இருக்கும்.

1860 நவம்பரில் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கரும்புத் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் கூலிகளாக வந்தார்கள். ஆயாவின் தாத்தா பாட்டி அதில் ஒரு ஜோடி. டோங்காட் பக்கம் ஒரு தோட்டத்து லயனில் ஆயா பிறந்தார். ஆயாவின் அம்மாதான் அந்த லயனுக்கு மருத்துவச்சி. விளக்கெண்ணெய், வெந்நீர், நெருப்பில் காட்டிய கத்தி, இடுப்பில் இறுக்கிக் கட்டப் பழம்புடவை. இதுதான் அவர் கையிருப்பு.

பழசைத் தூக்கிவைத்துப் பேசுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. மூலிகையும் பாட்டி வைத்தியமும் இருந்த காலத்தில் எல்லாப் பிரசவமும் சுகப்பிரசவம் என்று வாட்ஸாப்பில் வருவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. ஆயா அப்படிச் சொன்னதே இல்லை. "பொழைச்சா பொழைச்சது, இல்லாட்டி மண்ணுக்கு" என்பார். அவருடைய சின்னம்மா ஒருத்தர் நஞ்சுக்கொடி விழாமல், ரத்தம் நிற்காமல், விடிவதற்குள் போனவர். ஆனால் ஆயா சொன்ன கதைகள் எல்லாவற்றிலும் ஒரு விஷயம் மாறாமல் இருந்தது. வலி எடுத்தவளைச் சுற்றி நாலு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி முதுகைத் தாங்கினாள், ஒருத்தி வாயில் கஞ்சி ஊற்றினாள், ஒருத்தி சாமியைக் கும்பிட்டாள், ஒருத்தி வம்பு பேசினாள். செத்தாலும் தனியாகச் சாகவில்லை.

ஆயாவின் பிள்ளைகளில் மூத்தவர்கள் லயனிலும் கடைசி இருவர் ஆஸ்பத்திரியிலும் பிறந்தார்கள். நிறவாரியாக ஆஸ்பத்திரி பிரித்திருந்த காலம். 1936-ல் திறந்த கிங் எட்வர்ட் VIII மருத்துவமனை கறுப்பர்களுக்கும் இந்தியர்களுக்கும் உரியது. அதே 1936-ல்தான் டாக்டர் குணம் எடின்பரோவில் படித்துவிட்டு டர்பனுக்குத் திரும்பினார். தென்னாப்பிரிக்காவின் முதல் இந்தியப் பெண் மருத்துவர் அவர்தான், நம் தமிழ்ப் பெண். அவர் கட்டளையை வெள்ளைக்கார நர்சுகள் ஏற்க மாட்டார்கள் என்று ஆஸ்பத்திரியில் வேலை கொடுக்கவில்லை. கிரே தெருவில் சொந்தமாக மருத்துவம் பார்த்தார். 1946 சத்தியாகிரகத்தில் சிறைக்கும் போனார். ஆண் டாக்டரிடம் காட்டக் கூசிய பெண்களுக்கு அவர் வந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆயா தலைமுறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆஸ்பத்திரிப் பிரசவம் எப்படி இருந்தது என்று ஆயாவிடம் கேட்டேன். "சுத்தமா இருந்துச்சு. வெளக்கு எரிஞ்சுது. ஆனா யாருமில்ல." அவ்வளவுதான் சொன்னார். நர்சிங் விண்ணப்பம் வாங்கப் போன அன்று அது என் மனதில் இருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை வேறு. அப்போது எனக்கு வேலை வேண்டும், நர்சிங் மாணவிகளுக்கு உதவித்தொகை உண்டு.

அந்தக் காலத்து டிப்ளமோ 4 வருஷம். பொது நர்சிங், மனநலம், சமூக நலம், மிட்வைஃபரி நான்கும் சேர்ந்தது. முடித்தால் தோள்பட்டையில் குத்தும் மெரூன் பட்டையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறக்கோடு. பச்சைக் கோடு மிட்வைஃபுக்கு. கூடப் படித்தவர்கள் எல்லோரும் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர்கள், பெரும்பாலும் ஜூலுப் பெண்கள். ஜூலு மொழியை நான் வகுப்பில் கற்கவில்லை, வார்டில் கற்றேன். முதலில் நாக்குக்கு வந்த சொல் 'பெஃபுமுலா', மூச்சு விடு.

எங்களுக்கு ஒரு மூத்த ஜூலு சிஸ்டர் பாடம் எடுத்தார். முதல் வாரத்தில் அவர் எங்களை எதையும் எழுத விடவில்லை. வலி எடுத்த ஒரு பெண்ணின் வயிற்றில் கையை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரச் சொல்வார். மேல் வயிற்றில் விரல் நுனிக்குக் கீழே கருப்பை மெல்ல இறுகும். அந்தப் பெண் முகம் சுளிக்கும் முன்பே நம் கைக்குத் தெரிந்துவிடும். மூக்கு நுனி அளவு கெட்டியானால் லேசான வலி, மோவாய் அளவானால் நடுத்தரம், நெற்றி அளவானால் நல்ல வலி. எத்தனை நொடி இறுக்கம், பத்து நிமிஷத்தில் எத்தனை தடவை என்று எண்ண வேண்டும். கை சொல்வதை மனதில் வாங்கிக்கொண்டு கண்ணால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். குழந்தையின் துடிப்பையும் வலியையும் பதியும் சிடிஜி மெஷின் காகிதத்தில் மலை மலையாக வரைந்து தள்ளும். ஆனால் அந்த மெஷின் கட்டியிருக்கும் அறையில் யாரும் அவளைத் தொடுவதில்லை என்று சிஸ்டர் சொல்வார். இன்று நான் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதே வழியில்தான்.

பிரசவம் எப்படிப் போகிறது என்று கோடு போட்டுப் பார்க்கும் தாளான பார்ட்டோகிராம் அடுத்த பாடம். அதற்கு டர்பனோடு ஒரு உறவு உண்டு. ஹியூ ஃபில்பாட் என்ற மருத்துவர் அன்றைய ரொடீசியாவின் சாலிஸ்பரியில், இன்றைய ஹராரேயில், வேலை பார்த்தபோது இதை உருவாக்கி 1972-ல் வெளியிட்டார். தூரத்து கிளினிக்கில் தனியாக இருக்கும் மிட்வைஃப், எந்தப் பெண்ணை எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு தாளைப் பார்த்தே முடிவு செய்யத்தான் அது. கருப்பை வாய் மணிக்கு 1 சென்டிமீட்டர் விரிகிறதா என்று ஒரு எச்சரிக்கைக் கோடு. அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளி ஒரு நடவடிக்கைக் கோடு. பிறகு ஃபில்பாட் டர்பனுக்கே பேராசிரியராக வந்துவிட்டார். அந்த ஒற்றைத் தாள் உலகம் முழுக்க எத்தனை பெண்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும். குழந்தையின் இதயத் துடிப்பு, வலி, ரத்த அழுத்தம், சிறுநீர், கொடுத்த மருந்து எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் இருந்தது. இந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதற்குக் கட்டம் இல்லை.

பயிற்சியின்போது ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில், பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பெண், முதல் பிரசவம். வலியில் கத்தினாள். பணியிலிருந்த ஒரு சிஸ்டர் தொடையில் ஒன்று வைத்துவிட்டு, "பண்ணும்போது கத்தினியா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்காத வார்த்தை என்பதால் இல்லை. ஊரில் அக்காவின் பிரசவத்துக்குப் போனபோது ஆயாம்மா ஒருத்தி பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்ன அதே வார்த்தை. இந்துமகா சமுத்திரத்தைத் தாண்டி வந்தும் அது அப்படியே காதில் விழுகிறது. வாசலுக்கு வெளியே அந்தப் பெண்ணின் அம்மா பிளாஸ்டிக் பையோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே விடவில்லை.

நர்சுகள் இப்படி நடந்துகொள்வதைப் பற்றி 1998-லேயே ஆய்வாளர் ரேச்சல் ஜூக்ஸும் அவருடன் இருந்தவர்களும் இந்த நாட்டுப் பிரசவ வார்டுகளில் விசாரித்து எழுதிவிட்டார்கள். 2011-ல் மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கிழக்கு கேப் மாகாணத்தைப் பற்றி எழுதியது. மேலிருந்து அவமானப்படுகிறவர்கள் கீழே இருப்பவர்களை அவமானப்படுத்துகிறார்கள், 'நான் உன்னைப் போன்றவள் இல்லை' என்று காட்ட அடிக்கிறார்கள், அதட்டினால்தான் குழந்தை பிழைக்கும் என்று உண்மையாகவே நம்புகிறார்கள் என்று காரணங்கள் போகும். எல்லாம் சரி. ஒரு ராத்திரியில் அத்தனை கட்டிலையும் இரண்டே பேர் பார்க்கும்போது என் குரலும் உயர்ந்திருக்கிறது. ஆனாலும் எனக்கு ஒரு விஷயம் பட்டது. அந்த அம்மாவை உள்ளே விட்டிருந்தால் அந்தக் கை தொடையில் விழுந்திருக்காது. பார்க்க ஒரு ஜோடிக் கண் இருந்தால் போதும்.

ஊரில் உள்ளவர்களுக்கு இந்த நாட்டுக் கணக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1994-ல் மண்டேலா அரசு வந்த உடனே கர்ப்பிணிகளுக்கும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவம் இலவசமானது. 1997 முதல், கர்ப்பத்திலோ பிரசவத்தையொட்டியோ எந்தத் தாய் இறந்தாலும் சட்டப்படி அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு இறப்பையும் ஒரு தேசியக் குழு ரகசியமாக ஆராய்ந்து மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அறிக்கை போடுகிறது. அந்தக் குழுவுக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கியவர் டர்பன் பேராசிரியர் ஜாக் மூட்லி. கர்ப்பகால ரத்த அழுத்தத்தில் உலகறிந்த பெயர். பெயரைப் பார்த்தாலே நம் முதலியார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். அந்த அறிக்கைகளைப் படித்தால் தூக்கம் வராது. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ஒரு காலத்தில் கர்ப்பிணிகளில் பத்தில் ஏறக்குறைய நாலு பேருக்கு எச்ஐவி. 2008-2010 அறிக்கையில் லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 176 தாய்மார்கள் இறந்தார்கள். எச்ஐவிக்கான கூட்டு மருந்து எல்லோருக்கும் கிடைக்க ஆரம்பித்ததும் எண்ணிக்கை இறங்கியது. எச்ஐவியை விட்டால் ரத்தப்போக்கும் ரத்த அழுத்தமும்தான் பெரிய காரணங்கள். பாதிக்கு மேற்பட்ட இறப்புகள் தவிர்த்திருக்கக் கூடியவை என்று அறிக்கைக்கு அறிக்கை வருகிறது.

தனியார் பக்கம் வேறு உலகம். மெடிக்கல் எய்ட் என்கிற தனியார் மருத்துவக் காப்பீடு இருப்பவர்களில் நாலில் மூன்று பேருக்கு சிசேரியன். உம்ஷ்லாங்காவில் இருக்கும் என் கணவரின் ஒன்றுவிட்ட தங்கை, ராகு காலம் எமகண்டம் பார்த்து, நட்சத்திரம் பார்த்து, டாக்டரின் டைரியில் நேரம் வாங்கினாள். நல்ல நேரத்துக்குப் பிள்ளை. அவள் கணவன் நீல கவுன் மாட்டிக்கொண்டு தியேட்டருக்குள்ளேயே போனில் வீடியோ எடுத்தான். அறுவை நடக்கும் அறைக்குள் ஒரு ஆணை விட முடிகிறது, வெறும் திரை போட்ட வார்டில் ஒரு அம்மாவை விட முடியவில்லை. காசுள்ளவளுக்குத் துணை உரிமை, இல்லாதவளுக்கு அது சலுகை. என் சண்டை இதிலிருந்துதான் தொடங்கியது.

இப்போது நான் டர்பனுக்கு வடக்கே ஒரு சமூக சுகாதார மையத்தில் இருக்கிறேன். பிரசவப் பிரிவை முழுக்க மிட்வைஃப்களே நடத்துகிறோம். சிக்கல் என்றால் ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்கு அனுப்புவோம். தாய்-சேய் நலம் பற்றி மாதாமாதம் நடக்கும் பெரினேட்டல் கூட்டத்தில், வலி எடுத்த ஒவ்வொருத்தியோடும் அவளுக்கு வேண்டிய ஒருவரை உட்கார விட வேண்டும் என்று நான் முதலில் சொன்னபோது யாரும் எதிர்க்கவில்லை. அதுதான் ஆபத்து. கொள்கையில் எல்லோருக்கும் சம்மதம், காரியத்தில் ஒன்றும் நடக்காது.

ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை. டாக்டர் ஜஸ்டஸ் ஹாஃப்மெயர் குழு 1991-லேயே இந்த நாட்டில், முன்பின் தெரியாத சாதாரணப் பெண்களைத் துணைக்கு உட்காரவைத்துப் பார்த்தது. தாய்க்குப் பதற்றம் குறைந்தது, தாய்ப்பால் மட்டும் கொடுப்பவர்கள் கூடினார்கள். 2017-ல் 17 நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள், 15,000 பெண்களுக்கு மேல். தொடர்ந்து துணை இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, பிரசவ நேரம் குறைகிறது. 2018-ல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்துவிட்டது. கௌடெங் மாகாணத்தின் 10 அரசு மருத்துவமனைகளில் இதைப் பரப்பிப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-ல் வந்தது. பயிற்சி கொடுத்தார்கள், பாடம் கொடுத்தார்கள். பெரிதாக எதுவும் மாறவில்லை. எனக்கு அதிகம் உதவியது இந்தத் தோற்றுப்போன ஆய்வுதான். வார்டு மாறவில்லை என்றால் காரணம் வார்டில் இருக்கிறது, அங்கே போய்த் தேடு என்று அது சொன்னது.

தேடினேன். டீ நேரத்தில், ஷிஃப்ட் மாறும்போது, ஒவ்வொருவராகக் கேட்டேன். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு திரைதான், அதுவும் பாதி கொக்கி இல்லாமல் தொங்குகிறது, பக்கத்துப் பெண்ணின் மானம் என்னாவது என்று ஒருவர். நியாயம். உட்கார இடமே இல்லை, கட்டிலில் ஏறி உட்காருவார்கள் என்று ஒருவர். அதுவும் நியாயம். தொற்று, திருட்டு, குடித்துவிட்டு வருகிற புருஷன் என்று பட்டியல் நீண்டது. கடைசியில் ஒரு சிஸ்டர், எல்லோரும் போனபின் குரலைத் தாழ்த்தி, "போனில் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிடுவார்கள்" என்றார். இதுதான் அடியில் இருந்த பயம். ஆள் பற்றாக்குறையால் நாம் செய்யாமல் விடுவதை வேறொருவர் பார்த்துவிடுவாரே என்ற பயம். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிரசவ வழக்குகளில் அரசு கோடிக்கணக்கில் நஷ்டஈடு கட்டுகிற நாடு இது.

ஆகவே கொள்கை பேசுவதை விட்டுவிட்டுக் கொக்கி பேச ஆரம்பித்தேன். இங்கே ஒவ்வொரு கிளினிக்குக்கும் சட்டப்படி ஊர்மக்கள் அடங்கிய கமிட்டி ஒன்று உண்டு. பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். எங்களுடையதில் ஒரு மாரியம்மன் கோயில் தர்மகர்த்தாவும், மெத்தடிஸ்ட் மன்யானோ பெண் ஒருவரும், ஓய்வுபெற்ற டாக்ஸி டிரைவர் ஒருவரும் இருந்தார்கள். மன்யானோ என்பது சர்ச் பெண்களின் ஜெபச் சங்கம். வியாழக்கிழமைகளில் சிவப்பு ரவிக்கையும் வெள்ளைத் தொப்பியுமாகச் சாலையில் போவார்கள், இந்த நாட்டில் யாருக்கும் தெரியும். திரைக்கும் நாற்காலிக்கும் பட்ஜெட்டில் கேட்டால் அடுத்த நிதியாண்டு என்று பதில் வரும் என்று சொன்னேன். தர்மகர்த்தா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கல்யாண மண்டபத்து நாற்காலியைத் தருகிறேன், புரட்டாசி விரதம் முடிந்து வண்டி அனுப்புங்கள் என்றார்.

வந்தன. வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் கறுப்பு மார்க்கரில் 'கோயில் சொத்து' என்று தமிழில். தொற்றுத் தடுப்பு அதிகாரிக்கு மகிழ்ச்சி, துடைத்தால் போதும் என்பதால். திரைத் துணியை மன்யானோ பெண்கள் தைத்தார்கள். கொக்கிகளை டாக்ஸிக்காரர் வாங்கி மாட்டினார். துணைக்கு வருகிறவருக்கு ஒரு ஏப்ரன், ஒரு கையெழுத்து, போன் பையில் என்று விதி. என்ன செய்ய வேண்டும் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம்: தண்ணீர் கொடு, இடுப்பைத் தேய், நடக்கவை, எதையாவது பார்த்துப் பயந்தால் எங்களைக் கூப்பிடு. யாருமில்லாமல் வருகிற சின்னப் பெண்களோடு உட்கார மன்யானோவிலிருந்தே இரண்டு மூன்று பேர் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஜூலுப் பாட்டி ஒருவர் நாற்காலியின் முதுகில் எழுதியிருப்பது மந்திரமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த நாற்காலி என்ன செய்யும் என்பதை ஒரு மத்தியானம் பார்த்தேன். மூன்றாவது பிரசவம், எல்லாம் சுலபமாக முடிந்து, குழந்தை நெஞ்சின்மேல், நஞ்சு முழுதாக வந்துவிட்டது. அதற்குள் இரண்டாம் கட்டிலில் தலை தெரிந்துவிட்டது, அங்கே ஓடினேன். அங்கே கை வைக்கும் முன்பே பின்னாலிருந்து ஒரு குரல், "சிஸ்டர், இகாஸி!" ரத்தம் என்கிறார். நாற்காலியில் இருந்த பாட்டி. மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில், நான் நின்ற பக்கத்திலிருந்து தெரியாத இடத்தில், ரப்பர் ஷீட்டின் மடிப்பு வழியாக ஒழுகித் தரையில் தேங்கியிருந்தது. கருப்பை மாவு போலத் தளர்ந்து கிடந்தது. ஒரு கையால் பிசைந்துகொண்டே ஆட்களைக் கூப்பிட்டோம். கருப்பையை இறுக்க ஆக்சிடோசின், ரத்தக் கசிவைக் குறைக்க டிரானெக்ஸாமிக் ஆசிட், இரண்டு கையிலும் ஊசி போட்டு சலைன், சிறுநீர்ப் பையைக் காலிசெய்தோம், கிழிசல் இருக்கிறதா என்று பார்த்தோம். ஆம்புலன்ஸ் வந்தபோது கருப்பை கெட்டியாகியிருந்தது. சில நாளில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டாள். அந்தப் பாட்டி இல்லாமல் இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

ரத்தப்போக்கைக் கண்ணால் மதிப்பிடுவது நம்ப முடியாத காரியம். 2023-ல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வு இதை அடித்துச் சொல்லியது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாலு நாடுகளில் ஏறக்குறைய 80 மருத்துவமனைகள், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். பிரசவமானதும் இடுப்புக்கடியில் அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, ரத்தம் அதன் பையில் சேரும். கோட்டைத் தாண்டினால் நான் மேலே சொன்ன சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே மூச்சில் கொடுத்துவிட வேண்டும். பழைய முறையில் ரத்தப்போக்குகளில் பாதியைத்தான் கண்டுபிடித்தார்கள், விரிப்பு வைத்தபோது நூற்றுக்கு 93. கடுமையான ரத்தப்போக்கு, அதனால் அறுவை, மரணம் எல்லாம் சேர்ந்து 60 சதவீதம் குறைந்தது. விரிப்பும் நாற்காலியும் ஒரே ஜாதிப் பொருள் என்று எனக்குத் தோன்றும். இரண்டும் மலிவு, இரண்டும் கவனிப்பதற்காகவே இருப்பவை, இரண்டும் கையிருப்பில் தீர்ந்துபோனால் யாரும் அவசரமாக ஆர்டர் போடுவதில்லை.

நம் தமிழ்க் குடும்பங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், திட்டினாலும் பரவாயில்லை. துணை யார் என்று முடிவு செய்வது வலி எடுத்தவள். மாமியார் இல்லை. சீமந்தத்துக்கு வளையல் அடுக்கியவர்கள் எல்லோருக்கும் பிரசவ அறையில் பங்கு உண்டு என்ற நினைப்போடு வருவார்கள். கட்டிலில் இருக்கும் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டியை மட்டும் உள்ள விடாதீங்க சிஸ்டர்" என்பாள். வாசலில் ஆன்ட்டி கோயில் விபூதியோடு நிற்பார். நான் போய், ஒரே ஒருத்தருக்குத்தான் அனுமதி, அது அவள் சிநேகிதி, கவர்ன்மென்ட் ரூல்ஸ் என்று முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்லிவிடுவேன். விபூதியை வாங்கி நெற்றியில் நானே வைத்துவிடுவேன். யாருமே வேண்டாம் என்று சொல்கிறவளும் உண்டு. அவளை வற்புறுத்தக் கூடாது. புருஷன்கள் விஷயத்தில் நான் முதலில் தயங்கினேன். இப்போது இல்லை. திரை சரியாக இருந்தால் அவர்கள் சத்தம் போடாமல் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் மயங்கி விழுவார்கள், அதற்கும் நாற்காலி உதவும்.

2020 மார்ச் 27 ஊரடங்கோடு துணைக்கு வருவோரை நிறுத்திவிட்டார்கள். அப்போது அது புரிந்தது. ஆனால் கட்டுப்பாடுகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, பாருக்கும் கடற்கரைக்கும் ஆட்கள் போக ஆரம்பித்த பின்னும் பிரசவ வார்டு மட்டும் திறக்கவில்லை. அந்த வருஷங்களில் தாய் இறப்பு மறுபடி ஏறியது. அதற்குப் பெரிய காரணம் கோவிட்தான், துணை இல்லாததை அதோடு முடிச்சுப்போட நான் முயல மாட்டேன். நாற்காலிகள் தடுப்பூசி வரிசைக்குப் போயின. திரும்பி வந்தபோது எண்ணிக்கை குறைந்திருந்தது. அதைவிட மோசம், பாதி ஊழியர்கள் மாறியிருந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு, துணை இல்லாத வார்டுதான் இயல்பான வார்டு. முதலிலிருந்து எல்லாவற்றையும் தொடங்கினோம்.

இம்முறை ஒரு தாள் எங்கள் பக்கம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பழைய பார்ட்டோகிராமுக்குப் பதிலாகப் புதிய பிரசவப் பராமரிப்புத் தாளைக் கொண்டுவந்தது. அதில் குழந்தையின் துடிப்புக்கும் முன்னால், மேலேயே, ஆதரவுப் பராமரிப்பு என்று ஒரு பகுதி. முதல் வரியே துணை இருக்கிறதா என்பது. அடுத்து வலி நிவாரணம், குடிக்கக் கொடுத்தீர்களா, படுத்திருக்கிறாளா நடமாடுகிறாளா. ஃபில்பாட்டின் தாளில் இல்லாத கட்டம் கடைசியில் வந்துவிட்டது. வகுப்பில் மாணவிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். கட்டத்தில் 'இல்லை' என்று போட்டால் நான் விடுவதில்லை. ஏன் இல்லை? அவள் வேண்டாமென்றாளா, கேட்கவே இல்லையா, ஆள் வாசலில் நிற்கிறாரா? இரத்த அழுத்தம் 160 என்று எழுதிவிட்டுச் சும்மா இருப்பாயா என்று கேட்பேன். சிலர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

இதைப் படிக்கும் டர்பன் பக்கத்து உறவுகள், அரசு ஆஸ்பத்திரியில் பேர் பதிந்திருந்தால், ஏழாம் எட்டாம் மாதச் செக்கப்பிலேயே என்னோடு யார் இருக்கலாம் என்று கேட்டு உங்கள் கார்டில் எழுதி வாங்கிவிடுங்கள். வலி வந்தபின் வாசலில் சண்டை போட்டுப் பலனில்லை. உள்ளே விட மறுத்தால் கிளினிக் கமிட்டியில் இருப்பவர் யார் என்று கேளுங்கள். பெயர்ப் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும், ஒட்டியிருக்காது, அதையும் கேளுங்கள்.

எங்களிடம் இப்போது மாட்டிக்கொண்டிருப்பது ராத்திரி. பகலில் துணை வருகிறவர்கள் சுலபமாக வந்துவிடுகிறார்கள். இரவு 7 மணிக்குக் காவல் கம்பெனி ஆள் மாறியதும், பார்வை நேரம் முடிந்தது என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். குழந்தைகளோ பெரும்பாலும் ராத்திரியில்தான் வருகின்றன. காவல்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் கையில் இருக்கும் தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அந்தத் தாளை மாற்ற வேண்டும். டாக்ஸிக்காரர் அந்தக் கம்பெனி சூப்பர்வைசரைத் தனக்குத் தெரியும் என்கிறார். அடுத்த செவ்வாய்க்கிழமை கமிட்டிக் கூட்டத்துக்கு அவரை அழைத்திருக்கிறோம்.